பெரியவர்கள் படிக்க டிராகன் கதையா? லெ குவினின் ‘எர்த்ஸீ’ முழுத்தொகுப்பு

ஃபேன்டஸி எனப்படும் மிகுபுனைவு நாவல்களுக்கு இலக்கியத் தகுதி உண்டா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். 1956இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், டோல்கினின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் மூன்று பெரிய தொகுதிகளையும் சிறுபிள்ளைக் குப்பை என்று ஒதுக்கினார். அதே ஆண்டில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அதே நூலைக் கொண்டாடினார். வழக்கு இன்றும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. ஒரு பக்கம் இந்த வகையே தப்பியோடும் இலக்கியம் என்பார்கள். மறுபக்கம் விற்பனையைக் காட்டி வாயடைப்பார்கள். நமக்கு இந்தச் சண்டை கொஞ்சம் விசித்திரமாகக்கூடத் தோன்ற வேண்டும். மணிமேகலை வான்வழியே பறக்கிறாள், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்துகிறாள். அது சிறுவர் கதையா என்று எந்தத் தமிழாசிரியரும் கேட்டதில்லை.

வகையை விட்டுவிட்டு ஒரு நூலை எடுத்துக்கொள்வதே நல்லது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின், எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தை வைத்து எழுதிய கதைகள் அனைத்தும் ஒரே அட்டைக்குள் அடங்கிய ‘த புக்ஸ் ஆஃப் எர்த்ஸீ’ இந்த விசாரணைக்குப் பொருத்தமானது. 2018 அக்டோபரில் வெளிவந்தது. ஆசிரியர் அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். சார்ல்ஸ் வெஸ் வரைந்த ஓவியங்கள் ஐம்பதுக்கும் மேல். டிராகனின் உடல்வாகு எப்படி இருக்க வேண்டும் என்பது வரை லெ குவினோடு பேசிப் பேசி வரைந்தவை. அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருது, 2019இல் சிறந்த ஓவிய நூல் பிரிவில் இதற்குக் கிடைத்தது. சுமார் ஆயிரம் பக்கம், பெரிய அளவு, கெட்டி அட்டை.

உள்ளே இருப்பவை: ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968), ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971), ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’ (1972), ‘தெஹானு’ (1990), ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ (2001), ‘தி அதர் விண்ட்’ (2001). இவற்றோடு 1964இல் வெளிவந்த இரண்டு தொடக்கச் சிறுகதைகள், பிற்காலச் சிறுகதைகள் இரண்டு, 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஆற்றிய ஓர் உரை. கதையின் திருப்பங்கள் சிலவற்றை இங்கே சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. தெரிந்துகொண்டு படித்தாலும் குறைந்துபோகாத நாவல்கள் இவை. அதுவும் ஒரு தகுதிதான்.

முதல் நாவல் பிறந்த விதத்திலேயே இந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெர்க்லியில் இருந்த பர்னாசஸ் பிரஸ் அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகங்களையே போட்டுவந்தது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நூல் வேண்டும் என்று 1967இல் அவர்கள் லெ குவினிடம் கேட்டார்கள். கேட்டபடியே எழுதிக் கொடுத்தார். அதனால் நூலகங்களில் அது சிறுவர் அலமாரிக்குப் போனது. மூன்றாவது நாவலுக்கு 1973இல் கிடைத்த அமெரிக்கத் தேசியப் புத்தக விருதும் சிறுவர் பிரிவில்தான். அலமாரியைப் பார்த்துத் தரம் முடிவு செய்தவர்கள் இந்த நூலைத் தவறவிட்டார்கள்.

சரி, தகுதியை எதை வைத்துப் பார்ப்பது? லெ குவினே 1973இல் ஒரு கட்டுரையில் நல்ல சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். அப்போது வெளிவந்திருந்த ஒரு ஃபேன்டஸி நாவலிலிருந்து ஓர் உரையாடலை எடுத்தார். ஊர்ப்பெயர், ஆட்பெயர் என்று ஒருசில சொற்களை மட்டும் மாற்றினார். பிரபுக்கள் பேசிய பேச்சு வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகிவிட்டது, எந்த உறுத்தலும் இல்லாமல். அப்படியென்றால் அந்த நாவலில் மாய உலகம் மேற்பூச்சு மட்டுமே. மொழிக்குள் அது இறங்கவில்லை. கடையில் நின்றுகொண்டே எந்த மிகுபுனைவு நாவலிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி, வாளைக் கைத்துப்பாக்கியாகவும் அரசனை முதலாளியாகவும் மாற்றிப் படியுங்கள். காட்சி குலையாமல் நின்றால் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிடலாம். வருடாவருடம் வரும் தடிமனான தொடர்களில் பாதிக்கு மேல் இதில் தேறாது என்பது நம் கணிப்பு.

எர்த்ஸீ தேறுகிறது. காரணம், அதில் மந்திரம் என்பதே மொழிதான். ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு; அதை அறிந்தவருக்கு அந்தப் பொருள்மேல் அதிகாரம் உண்டு. அந்த மொழியில் மனிதனால் பொய் சொல்ல முடியாது, டிராகனால் முடியும். இந்த ஒரே விதியிலிருந்து எத்தனை காட்சிகள் கிளைக்கின்றன என்று பாருங்கள். முதல் நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் இளம் மந்திரவாதி கெட், பெண்டார் தீவில் ஒரு கிழ டிராகனை எதிர்கொள்கிறான். பழைய வரலாறுகளைப் படித்து, அதன் பெயர் இன்னதாக இருக்கலாம் என்று ஊகித்து வைத்திருக்கிறான். கையில் இருப்பது அந்த ஒரே துருப்பு. கெட் முன்பு அகந்தையில் அவிழ்த்துவிட்டு, இப்போது அவனையே துரத்திக்கொண்டிருக்கும் நிழலின் பெயரைச் சொல்வதாக டிராகன் ஆசை காட்டுகிறது. தன் உயிரைக் காக்கும் பெயரை வாங்குவதா, தன்னை நம்பியிருக்கும் மீனவத் தீவுகளின் பாதுகாப்புக்கு உறுதிமொழி வாங்குவதா? மந்திர மோதலையும் தீச்சுவாலையையும் தாண்டி இந்தப் பேரம்தான் அந்த அத்தியாயத்தின் உயிர். இதைச் சாதாரண உலகத்துக்குப் பெயர்த்து எழுத முடியாது. எழுதினால் வெறும் லஞ்சக் கதையாகிவிடும்.

மந்திரத்துக்கு விலை உண்டு என்பதும் இங்கே வெறும் விதிமுறையாக இல்லை. ரோக் தீவின் பள்ளியில் ஒரு கூழாங்கல்லை வைரமாக்கிக் காட்டும் பாடம் வருகிறது. வைரம்போலத் தோன்றச் செய்வது எளிது. உண்மையிலேயே வைரமாக்க வேண்டுமானால் அதன் பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்றினால் உலகமே அந்த அளவுக்கு மாறும், அதன் நன்மை தீமை எங்கே போய் முடியும் என்று தெரியாமல் தொடக்கூடாது என்கிறார் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியர். ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். பன்னிரண்டு வயதில் படிப்பவருக்கு இது பள்ளியின் கட்டுப்பாடு. நாற்பதில் படிப்பவருக்கு அதிகாரத்தைப் பற்றிய ஒரு முழு வாதம்.

இந்தத் தொகுப்பில் பெரியவர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் காட்சி ஒன்று முதல் நூலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கெட் முதலில் ஓஜியன் என்ற பெரியவரிடம் சீடனாகச் சேர்கிறான். பூகம்பத்தையே அடக்கியவர் என்று பெயர் பெற்றவர். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண ஊர் மந்திரக்காரன்கூட மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டிருப்பான். இவரோ அடர்ந்த ஒரு மரத்தடியைத் தேடிப் படுத்துவிடுகிறார். மழை அதன் போக்கில் பெய்கிறது. பையன் நனைந்தபடி, இவ்வளவு சக்தியும் பின் எதற்கு என்று பொருமுகிறான். லெ குவின் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. பையன் பக்கம் நின்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஓஜியனைப் புரிந்துகொள்ள கெட்டுக்கு அந்த நாவல் முழுதும் தேவைப்படுகிறது.

உரைநடை பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் எளிமையானது, பெரும்பாலும் ஓரசை ஈரசைச் சொற்கள். ஆனால் வாக்கியங்கள் நீண்டு, அலைபோல் மடிந்து வரும். காவியம் பாடுபவரின் தொனி. வேகமாகக் கண்ணோட்டினால் தட்டையாகத் தெரியும். வாய்விட்டு ஒரு பக்கம் படித்தால் ஓசை பிடிபட்டுவிடும். தமிழ் வழியில் படித்து ஆங்கில நாவலுக்குள் வருபவர்களுக்கும் சொல்வளம் சிக்கலில்லை. தடுக்கிவிடுவது கடலோட்டச் சொற்கள்: பாய், சுக்கான், காற்றுமறைவு போன்றவை. முதல் ஐம்பது பக்கத்துக்கு ஓர் அகராதி போதும்.

இரண்டாம் நாவல் இந்தத் தொகுப்பின் மிகச் செறிவான பகுதி. பழைய தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்தவள் என்பதற்காக ஐந்து வயது டெனாரைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். பெயரைப் பறித்து, பாலைவனத்துக் கல்லறைக் கோயிலில் பெயரில்லாத சக்திகளுக்குச் சேவை செய்ய வைக்கிறார்கள். முதல் நாவலின் நாயகன் கெட் ஏறத்தாழப் பாதி நூல் வரை தலைகாட்டுவதே இல்லை. அதுவரை விளக்கு ஏற்றக்கூடாத நிலத்தடிச் சுரங்கங்கள், சுவரைத் தடவித் திருப்பங்களை மனப்பாடம் செய்யும் ஒரு சிறுமி, கோயில் அரசியல். அந்த அரசியலில் கோஸில் என்ற பூசாரிணியைக் கவனியுங்கள். அவளுக்குத் தெய்வங்கள்மேல் நம்பிக்கை கிடையாது. அவை கொடுக்கும் பதவியில் மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை. மாயக்கதையில் வரும் தீயவர்கள் பெரும்பாலும் கறுப்பு உடையும் உறுமலுமாக இருப்பார்கள். கோஸில் ஒரு நிர்வாகி. அதனால்தான் அச்சம் கூடுகிறது.

முடிவும் அப்படித்தான். டெனார் தப்புகிறாள். விடுதலை கிடைத்ததும் மகிழவில்லை. தன்னை விடுவித்த கெட்டை நோக்கிக் கத்தியோடு நெருங்கும் ஒரு கணம் வருகிறது. விடுதலை ஒரு பாரம், அதைச் சுமக்கப் பழக வேண்டும் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன யதார்த்த நாவல்களே குறைவு.

மூன்றாவது நாவல் சறுக்குகிறது. உலகத்தில் மந்திரம் வற்றிப்போகிறது, காரணத்தைத் தேடி கெட்டும் இளவரசன் ஆரனும் கடலில் போகிறார்கள். நடுவில் இழுவை, கெட் பேசும் இடங்களில் பிரசங்க வாடை, ஆரனின் பக்தி அலுக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியில் வரும் இறந்தோர் நாடு மறக்காது. அங்கே நிழல் நகரத் தெருக்களில் காதலுக்காக உயிர்விட்டவர்கள் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவில் திறந்துகிடக்கும் கதவை மூட, கெட் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான்.

இங்கே நின்றிருந்தால் எர்த்ஸீ நல்ல சிறுவர் முத்தொகுதி, அவ்வளவே. பதினெட்டு ஆண்டு கழித்து வந்த ‘தெஹானு’தான் இதை வேறு தளத்துக்குக் கொண்டுபோகிறது. இந்த மதிப்புரையில் அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கக் காரணமும் அதுதான்.

எழுத 18 ஆண்டு ஆனாலும் கதைக்குள் இடைவெளி கிடையாது. மூன்றாம் நாவலின் முடிவில் டிராகனின் முதுகேறிப் பறந்துபோன கெட், இங்கே அதே டிராகனின் முதுகில் நினைவிழந்து வந்து சேர்கிறான். ஆனால் நாம் அவனைப் பார்ப்பது டெனாரின் கண்ணால். அவள் இப்போது நடுவயது விதவை. ஒரு விவசாயியை மணந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஓஜியன் அவளுக்கு மந்திரக்கல்வி தந்தபோது அதை விட்டுவிட்டுக் குடும்ப வாழ்க்கையைத் தேர்ந்தவள். அவள் பராமரிப்பில் ஒரு பெண்குழந்தை: சொந்த மனிதர்களே வன்புணர்ந்து, நெருப்பில் தள்ளிச் சாகட்டும் என்று விட்டுப்போன குழந்தை. முகத்தில் பாதியும் ஒரு கையும் கருகிவிட்டன.

இந்த நாவலில் இருள்தேவன் கிடையாது, படையெடுப்பு கிடையாது. ஆடு மேய்ப்பது, அடுப்பு மூட்டுவது, கதவைத் தாழிடுவது, ராத்திரி வெளியே காலடிச் சத்தம் கேட்பது இவைதான். சக்தியை இழந்த கெட், வெட்கத்தில் அரசனின் தூதர்களிடமிருந்து ஓடி ஒளிகிறான். பதவி போனபின் ஒரு ஆண் யார் என்ற கேள்வியை, ஓய்வுபெற்ற அதிகாரிகளைப் பற்றி எழுதிய எத்தனையோ யதார்த்தக் கதைகளைவிட இது நேராகக் கேட்கிறது. திருடர்கள் வீடு புகும்போது உலகத்தின் மிகப் பெரிய மந்திரவாதியாக இருந்தவன் கையில் எடுப்பது வைக்கோல் அள்ளும் கவைக்கோல். அது வேலை செய்கிறது. அந்த வெற்றி அவனுக்கு இனிக்கவில்லை.

முதல் நாவலில் கெட் பிறந்த காண்ட் தீவின் பழமொழி ஒன்று போகிறபோக்கில் வரும்: பெண்ணின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று பொருள்படும். 1968இல் அது உள்ளூர் நிறத்துக்காகப் போட்ட வரி. யாரும் நின்று கேட்கவில்லை, ஆசிரியர் உட்பட. ‘தெஹானு’ அந்த வரியிடம் திரும்பிப் போகிறது. ரோக் பள்ளியில் ஏன் பெண்கள் இல்லை? மந்திரவாதிகள் ஏன் பிரம்மசாரிகள்? கிராமத்துச் சூனியக்காரி என்று இகழப்பட்டவளுக்குத் தெரிந்தது என்ன? முதல் மூன்று நாவல்களில் நடந்தவற்றில் ஒன்றைக்கூட லெ குவின் திருத்தவில்லை. அத்தனையும் அப்படியே நிற்கிறது. நாம் அதுவரை யார் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் புலப்படுகிறது.

இந்தத் திருப்பிப் பார்த்தல் அடுத்த நூல்களிலும் தொடர்கிறது. ‘டேல்ஸ்’ தொகுப்பின் முதல் நெடுங்கதை, ரோக் பள்ளியைத் தொடங்கியதில் பெண்களுக்கு இருந்த பங்கைச் சொல்கிறது. பின்னால் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பூகம்பக் கதையொன்றில், ஓஜியனுக்குப் புகழ் தந்த அந்தச் செயலுக்குப் பின்னால் அவருடைய குருவும், அந்தக் குருவுக்கு வித்தை சொல்லித் தந்த ஒரு பெண்ணும் இருந்தது தெரிகிறது. கடைசி நாவலான ‘தி அதர் விண்ட்’ எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. உடைந்த பானைகளை ஒட்டவைக்கும் எளிய மந்திரக்காரன் ஆல்டர். அவன் கனவில் இறந்த மனைவி ஒரு தாழ்ந்த கற்சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறாள். அவனைத் தேடி இறந்தவர்கள் கூட்டங்கூட்டமாகச் சுவருக்கு வருகிறார்கள். மூன்றாம் நாவலில் நாம் இயற்கையின் நியதி என்று ஏற்றுக்கொண்ட அந்த வறண்ட இறந்தோர் நாடு நியதியே அல்ல. சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் செய்த தவறு. இப்போது அதைக் கலைக்க வேண்டும்.

மிகுபுனைவுக்கென்று ஓர் இலக்கியத் தகுதி உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. யதார்த்த நாவலாசிரியரும் முப்பது வருடம் கழித்துத் தன் பாத்திரங்களிடம் திரும்பலாம். அவர்களை வயதாக்கலாம், மனம் மாற்றலாம். சாவு எப்படி இயங்குகிறது என்பதை அவர் மறுபரிசீலனை செய்ய முடியாது. லெ குவின் செய்கிறார், அதுவும் 1968 முதல் 2001 வரை 33 ஆண்டு வளர்ந்த தன் பார்வையைக் கொண்டு. தனித்தனி நூலாகப் படித்தவர்களுக்கு இது பத்தாண்டு இடைவெளிகளில் சிதறிக் கிடைத்தது. ஒரே தொகுப்பில் ஒரு மனம் தன்னோடு நடத்திய நீண்ட வாக்குவாதமாகக் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் நாவலில் பெண்கள் பெரும்பாலும் சூனியக்காரியாகவோ மயக்குபவளாகவோ வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு உரையில் ஆசிரியரே, ஆண் நாயகக் காவிய மரபுக்குள் நின்றுதான் முதல் மூன்று நாவல்களையும் எழுதினேன் என்று விளக்குகிறார். ‘தெஹானு’வின் வில்லன் ஆஸ்பென் காகிதத்தில் வெட்டிய உருவம், பெண்வெறுப்பைத் தவிர அவனுக்கு உள்ளே ஒன்றுமில்லை. அந்த நாவலின் முடிவில் சிக்கலை அவிழ்க்க வானத்திலிருந்து டிராகன் வந்து இறங்குகிறது. அதுவரை வீட்டுக்குள் நடந்த கதைக்கு இது கொஞ்சம் மலிவான கணக்குத் தீர்ப்பு. ‘தி அதர் விண்ட்’ நாவலில் ஆலோசனைக் கூட்டங்கள் அதிகம். ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உச்சம் சில பக்கங்களில் ஓடிவிடுகிறது. 1964 சிறுகதைகள் இரண்டும் பயிற்சி ஓட்டங்கள்.

நிறம் பற்றியும் ஒன்று. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் கறுப்பன், கொள்ளையிட வரும் கார்க் மக்கள்தான் வெள்ளையர். 1968 அமெரிக்காவில் இது வேண்டுமென்றே செய்தது. வாசகன் நாயகனோடு ஒன்றிய பிறகே அவன் நிறத்தைப் போகிறபோக்கில் சொல்கிறார். பல பதிப்புகளின் அட்டைகள் பின்னால் அவனை வெளுக்க வைத்தன. 2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் வெள்ளை நடிகரையே போட்டது. அதற்கு லெ குவின் எழுத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். வெஸ்ஸின் ஓவியங்களில் இந்தப் பிழை இல்லை. தொகுப்பை வாங்க அது ஒரு நியாயமான காரணம்.

படிக்கும் முறை. முன்னுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். அது பின்னுரையாகப் படிக்கத் தகுந்தது. முதல் நான்கு நாவல்களையும் வரிசையாகப் படியுங்கள், அதன் பிறகு ‘டேல்ஸ்’. அதிலுள்ள கதைகளில் ‘ட்ராகன்ஃப்ளை’யை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. ஆண்வேடத்தில் ரோக் பள்ளிக்கு வரும் ஒரு பெண்ணின் கதை அது. அவள் யாரென்று தெரியாமல் ‘தி அதர் விண்ட்’டுக்குள் போனால் பாதி நாவல் புரியாது. ‘டேல்ஸ்’ஸைச் சிறுகதைதானே என்று ஒதுக்கிவிட்டுக் கடைசி நாவலுக்குத் தாவுபவர்கள் அங்கேதான் முட்டி நிற்கிறார்கள். சதுப்பு நிலத்தில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க வரும் ஒரு பித்துப்பிடித்த மந்திரவாதியின் கதையும் இந்தத் தொகுதியில் உண்டு. மொத்த நூலிலும் நேர்த்தியான சிறுகதை அதுவே. எர்த்ஸீயின் வரலாறு, மொழி, சமயம் பற்றிய விவரணைப் பகுதியைத் தொடர்ச்சியாகப் படித்தால் பாடப்புத்தகம்போல் சலிக்கும்; சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு உரை ‘தெஹானு’ முடிந்த உடனே. கெட்டின் கடைசி நாளைச் சொல்லும் ‘ஃபயர்லைட்’ எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பெயர்கள் குழப்பும். ஒவ்வொருவருக்கும் ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று, உண்மைப் பெயர் ஒன்று. ஸ்பேரோஹாக்தான் கெட், ஆரன்தான் லெபன்னன், வெட்ச்தான் எஸ்டாரியோல். டெனாருக்கு மூன்று பெயர்: கோயிலில் அர்ஹா, கிராமத்தில் கோஹா, சொந்தப் பெயர் டெனார். யார் எப்போது எந்தப் பெயரால் அழைக்கிறார் என்பதில் நம்பிக்கையும் நெருக்கமும் அடங்கியிருக்கின்றன. கவனிக்காமல் போனால் சில காட்சிகளின் கனமே தெரியாது. ஒரு துண்டுத் தாளில் குறித்து நூலுக்குள் வைத்துக்கொண்டால் போதும். கடற்பயணங்களின்போது வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாவலின் இரண்டாம் பாதி தீவுவிட்டுத் தீவு போகும் துரத்தல். திசை தெரியாவிட்டால் ஊர்ப்பெயர்ப் பட்டியல்போல் ஆகிவிடும்.

எதிர்பார்ப்பைப் பற்றி. மந்திரப் பள்ளிக் கதை என்று கேள்விப்பட்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். பத்து அத்தியாயங்களில் பள்ளிக்கு ஒதுக்கியது இரண்டே அத்தியாயம். போர்க்களம் விரும்புபவர்களுக்கும் இங்கே தீனியில்லை. தொடக்கத்தில் ஒரு கொள்ளையர் தாக்குதல், அதையும் ஒரு சிறுவன் மூடுபனியால் முறியடித்துவிடுகிறான். அத்தியாய முடிவுகளில் கொக்கி போடும் பழக்கமும் ஆசிரியருக்கு இல்லை. ஒரே மூச்சில் ஓட்டுபவர்களுக்கு மூன்றாம் நாவலில் களைப்பு தட்டும். நாவலுக்கு நாவல் சில வாரம் இடைவெளி விடுவது நல்லது, குறிப்பாக ‘தெஹானு’வுக்கு முன்.

இனி வாங்குவது. கெட்டி அட்டைப் பதிப்பு மேசையில் வைத்துப் படிக்கும் நூல். படுத்துக்கொண்டோ ரயிலிலோ பிடித்துப் படிக்க முடியாது, மணிக்கட்டு வலிக்கும். மின்னூலாகவும் கிடைக்கிறது. ஆனால் கறுப்பு வெள்ளைத் திரையுள்ள கருவியில் வண்ண ஓவியங்கள் சாம்பலாகிவிடும், கோட்டோவியங்கள் தப்பிக்கும். ஓவியம் முக்கியமில்லை என்பவர்களுக்கு ஆறு தனி நூல்களின் பேப்பர்பேக் வசதி. முதல் மூன்றும் சின்ன நூல்கள், பையில் அடங்கும். அப்படி வாங்கினால் பிற்காலச் சிறுகதைகளும் உரையும் கிடைக்காது. பழைய புத்தகக் கடைகளில் முதல் நான்கையோ முதல் மூன்றையோ சேர்த்த ஒற்றைத் தொகுதிகள் கிடைப்பதுண்டு. அட்டையைத் திருப்பி உள்ளடக்கம் பார்க்காமல் முழுத்தொகுப்பு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு விஷயம். முதல் மூன்று நாவல்களைப் பன்னிரண்டு வயதில் தாராளமாகக் கொடுக்கலாம். ‘தெஹானு’வில் குழந்தைக்கு நேர்ந்த வன்முறை முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது, நூல் முழுக்க அதன் நிழல் இருக்கிறது. எல்லாம் ஒரே அட்டைக்குள், அழகான படங்களோடு இருப்பதால் பிள்ளைகள் தாமாகவே பக்கத்தைத் திருப்பிப் போய்விடுவார்கள். அவர்களுக்கென்றால் தனி நூல்களாக வாங்கிக் கொடுப்பதே சரி. பெரியவர்களில், இளமையில் முத்தொகுதியைப் படித்து அந்த இனிய நினைவு அப்படியே இருக்கட்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்தத் தொகுப்பு வேண்டாம். அந்த மூன்றை மட்டும் படித்துவிட்டு எர்த்ஸீ தெரியும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முதலில் ‘தெஹானு’வை மட்டும் தனியாக வாங்கிப் பாருங்கள், பிடித்திருந்தால் பெரிய நூலுக்குப் பணம் போடலாம்.